ஒன்பதாவது எழுத்து

ஜனவரி 11, சனி

முதல் வகுப்பு. நூலகத்து மாடியில், பழைய செய்தித்தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் அறைக்குப் பக்கத்து அறை. பதினோரு பேர். நாற்பத்தெட்டு வயதில் சீன மொழிக்குப் பிள்ளையார் சுழி போட வந்தவன் நான் ஒருத்தன்தான். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு பல் டாக்டர் அம்மா. நோட்டு, மூன்று நிறப் பேனா, அழிப்பான், தண்ணீர்ப் பாட்டில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக்கொண்டார். என்னிடம் ஆலையில் கொடுத்த பேனா ஒன்று. அதுவும் மூடியில்லாதது.

ஆசிரியைக்கு முப்பதுக்குள் இருக்கும். ஏற்றுமதி அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவராம். 'லாவ்ஷி' என்று கூப்பிட வேண்டும் என்றார். ஆசிரியர் என்று பொருள். சிரிக்கவே மாட்டார் போல.

ஒரே சொல்லை நாலு சுரத்தில் சொன்னால் நாலு பொருளாம். சமமாக, மேலேறி, இறங்கி ஏறி, வெட்டினாற்போல் இறங்கி. வகுப்பில் ஒன்றும் பிடிபடவில்லை. பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது: என் மனைவி இருபத்து மூன்று வருடமாக இதைத்தானே செய்கிறாள்? நான் பேசும்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு ஒரு "ம்". என்ன சொன்னீங்க என்பதற்கு ஒரு "ம்". நம்பலாமா என்று இழுத்து ஒரு "ம்". போதும் நிறுத்துங்க என்பதற்கு ஒரு "ம்". நாலும் வேறு வேறு. நான் ஒரு தடவைகூடக் குழம்பியதில்லை.

ஏன் படிக்க வந்தோம் என்று ஒவ்வொருவராகச் சொன்னோம். பல் டாக்டர் அம்மா, "மறதி வந்துடக் கூடாதுன்னு" என்றார். நான் "வேலைக்கு உதவும்னு" என்றேன்.

பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

ஜனவரி 12, ஞாயிறு

நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது.

நவம்பர் ஐந்தாம் தேதி காலை ஷிப்டில் மச்சினியின் வலது கை வெந்துபோனது. மனைவிக்கு ஒரே தங்கை. சலவை ஆலையில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் நான். அவளுடைய மேற்பார்வையாளரும் நான்தான்.

மருத்துவமனை விரிப்புகளை இஸ்திரி போடும் பெரிய உருளை இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஈர விரிப்பு ஒரு பக்கம் உள்ளே போனால் மறுபக்கம் அப்பளம் மாதிரி வரும். அதன் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில், ஒரு சின்ன இரும்புக் கதவு. உள்ளே பஞ்சுத் தூசி சேரும். ஷிப்ட் முடியும்போது இயந்திரத்தை நிறுத்தி, சிவப்பு விளக்கு அணைந்ததும் கதவைத் திறந்து பஞ்சை வழித்து எடுக்க வேண்டும். அப்படித்தான் எல்லோருக்கும் நான் சொல்லிக்கொடுத்தேன். நாலு வருடமாக அப்படித்தான் நடந்தது. அன்றைக்கு அவள் திறந்ததும் உள்ளே தங்கியிருந்த நீராவி சீறிக்கொண்டு வந்துவிட்டது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவள் அழவில்லை. "லைட் அணைஞ்சிருந்துச்சு மாமா" என்றாள். இரண்டு தடவை.

அன்று மாலை விபத்து அறிக்கையை எழுதினேன். விளக்கு அணையும் முன்பே திறந்திருக்கக்கூடும். காரணம்: பணியாளரின் கவனக்குறைவு. அப்படி எழுது என்று மேனேஜர் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. என் கையெழுத்து, என் சொல். அவள் வேலை அதோடு போயிற்று.

டிசம்பரில் ஒரு நாள் அந்த இயந்திரத்தின் மின்பெட்டியைத் திறந்தேன். மூடியின் உட்பக்கம் கையால் எழுதி ஒட்டிய ஒரு துண்டுத் தாள். இயந்திரத்தைப் பொருத்திக் கொடுக்க வந்த சீனப் பொறியாளர் எழுதியது. நாலு வருடமாக அது அங்கேயேதான் இருக்கிறது. ஏதோ கிறுக்கல் என்று விட்டுவிட்டோம். ஒரே வரி, ஒன்பது எழுத்து. ஒன்பதாவது எழுத்து எண்ணெய்க் கறையில் போய்விட்டது.

போனைக் காட்டினால் மொழிபெயர்க்கும் என்றார்கள். காட்டினேன். ஒரு தடவை 'நிறுத்தம் பத்து காசு' என்றது. இன்னொரு தடவை 'மறுபடி இயக்கு' என்றது. மூன்றாம் தடவை 'எழுத்து எதுவும் இல்லை' என்றது.

சீனம் தெரிந்த யாரிடமாவது காட்டியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. ஏன் காட்டவில்லை? அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்பதை வேறொருவர் வாயால் கேட்கத் தைரியமில்லை. இதை எழுதும்போதே கேவலமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. தாளைப் பார்த்த அன்றே எல்லா ஷிப்டுக்கும் சொல்லிவிட்டேன்: இனிமேல் நிறுத்திக் கால் மணி நேரம் கழித்துத்தான் கதவைத் திறக்க வேண்டும் என்று. "ஒரு முன்ஜாக்கிரதைக்கு" என்றேன்.

அப்படியென்றால் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்றுதானே அர்த்தம்?

ஜனவரி 21, செவ்வாய்

கோடு போடுவதற்கு வரிசை உண்டு. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். எந்தக் கோடு முதலில், எது கடைசியில் என்று ஒவ்வொரு எழுத்துக்கும் சட்டம். "எழுத்து சரியா வந்துடுச்சே, எப்படிப் போட்டா என்ன?" என்று கேட்டேன். லாவ்ஷி என் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எழுதினது இல்ல, வரைஞ்சது" என்றார்.

சாப்பாட்டு இடைவேளையில் துவைத்த தலையணை உறைகளின் ரசீதுத் தாள் பின்பக்கத்தில் கோடு போட்டுப் பழகுகிறேன். பார்த்தவர்கள் ஜாதகம் கணிக்கிறேன் என்று நினைத்தார்கள். ஒருத்தர் தன் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்றுகூடக் கேட்டுவிட்டார்.

பிப்ரவரி 1, சனி

இன்று எண்கள். பத்து என்பதற்கு ஒரு குறுக்குக் கோடு, ஒரு நெடுக்குக் கோடு. கூட்டல் குறி மாதிரி: 十. தாளில் நாலாவது எழுத்து இதுதான். வகுப்பிலேயே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் தாங்க முடியவில்லை. ஒன்று முதல் பத்து வரை அவர்கள் ஒரே கையால் சைகை காட்டுவார்களாம். பத்துக்கு மட்டும் சிலர் இரண்டு கையின் ஆள்காட்டி விரலையும் குறுக்கே வைத்துக் காட்டுவார்களாம். லாவ்ஷி காட்டினார். விரல் மேல் விரல்.

அந்தப் பொறியாளர் எனக்கு அதைத்தான் காட்டினார்.

நாலு வருடம் முன்னால், இயந்திரம் ஓட ஆரம்பித்த இரண்டாம் நாள். மொழிபெயர்க்க வந்த ஆள் சாப்பிடப் போயிருந்தான். பொறியாளர் என்னைக் கூப்பிட்டு இயந்திரத்தை நிறுத்தினார். விரல்களைக் குறுக்கே வைத்து என் முகத்துக்கு நேராகக் காட்டினார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நான் 'கூடாது' என்று புரிந்துகொண்டேன். குறுக்கே வைத்தால் கூடாது என்றுதானே? ஓடும்போது திறக்கக் கூடாது. சரி சரி என்று தலையாட்டினேன். அவரும் சிரித்தார். கை குலுக்கினோம்.

பத்து என்று சொல்லியிருக்கிறார்.

காட்டும்போது எதைத் தொட்டார்? கதவையா, ஸ்விட்சையா? எவ்வளவு யோசித்தும் அந்தக் கை எங்கே போனது என்று வரவில்லை. வராமலிருக்கட்டும் என்று உள்ளுக்குள் எதுவோ பிடித்து வைத்திருக்கிறதோ என்னவோ.

பிப்ரவரி 9, ஞாயிறு

மச்சினி வீட்டுக்கு மனைவியோடு போனேன். சகலை கதவைத் திறந்து "வாங்க" என்றார். வரச் சொன்ன மாதிரியும் இல்லை, போகச் சொன்ன மாதிரியும் இல்லை.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தாள். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவில்லை. தோல் ரோஜா நிறத்தில், பளபளவென்று, வேறு யாருடைய கையோ போல. அக்காவும் தங்கையும் பேசினார்கள். என்னிடம் "சாப்டீங்களா மாமா" மட்டும்.

கிளம்பும்போது மேல்சட்டைப் பொத்தானைப் போடப் பார்த்தாள். நாலு தடவை நழுவியது. மனைவி உதவிக்குப் போனாள். "விடுக்கா, நானே போட்டுக்கறேன்." போட்டுவிட்டாள். அதற்குள் நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். செருப்பு மாட்ட அவ்வளவு நேரம் ஆகாது.

பிப்ரவரி 15, சனி

கைக்கு ஒரு எழுத்து. இயந்திரத்துக்கு ஒரு எழுத்து. இரண்டையும் சேர்த்து எழுதினால் கைபேசி.

வகுப்பில் எல்லோரும் அடடா என்றார்கள். கை, இயந்திரம். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

பிப்ரவரி 22, சனி

லாவ்ஷி என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "இப்ப நீங்க சொன்னதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல. ஆனா அழகா சொன்னீங்க" என்றார். முதல் முறையாகச் சிரித்தார்.

மார்ச் 8, சனி

தாளில் உள்ளதில் எட்டு எழுத்து வந்துவிட்டது. இன்று ஏழாவதும் எட்டாவதும் சேர்ந்து வந்தன.

ஏழாவது 'ட்ஸாய்'. விடைபெறும்போது சொல்லும் சொல்லில் வருகிறதே, அதனால் 'மறுபடி' என்று நினைத்திருந்தேன். இன்று பாடத்தில் வேறு மாதிரி வந்தது: சாப்பிட்டுவிட்டு அப்புறம் போ. முன்னால் ஒன்று முடிய வேண்டும், அப்புறம்தான் அடுத்தது. 'அப்புறம்தான்' — அதற்கும் இதே எழுத்து.

எட்டாவது 'காய்'. 开. திற என்று பொருள். நமக்குக் காய் என்றால் நறுக்குவது, அவர்களுக்குத் திறப்பது என்று பல் டாக்டர் அம்மாவிடம் சொன்னேன். சிரித்தார். பிறகு லாவ்ஷி சொன்னதைக் கேட்டதும் என் சிரிப்பு நின்றுவிட்டது. "காய்னா திறக்கறது மட்டும் இல்ல. மெஷின், லைட், டிவி, எதைப் போட்டாலும் காய்தான். அடுத்து என்ன எழுத்து வருதுன்னு பார்த்துத்தான் சொல்ல முடியும்."

வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன். இயந்திரத்தை நிறுத்திய பிறகு பத்து நிமிடம் கழித்துத்தான் —

கதவைத் திற.

அல்லது: இயந்திரத்தைப் போடு.

கறைக்குள் இருக்கும் எழுத்து 'கதவு' என்றால், அவள் கை வெந்தது நான் சொல்லிக்கொடுத்தபடி நடந்ததால். 'இயந்திரம்' என்றால் அது வெறும் மோட்டார் சூடு ஆறுவதற்கான குறிப்பு. கதவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அறிக்கை அப்படியே நிற்கும்.

என் மனசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

மனைவிக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை, நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த வரியை முப்பது நாற்பது தடவை எழுதியிருந்தேன். மேசை துடைக்கும்போது பார்த்திருக்கிறாள்.

"என்னங்க இது? ஒரே வரியையே எழுதியிருக்கீங்க. இம்போசிஷனா?"

சொன்னேன். தாள், பத்து, விரல், எல்லாம். மாவு பிசைந்த கையோடு நின்றபடியே கேட்டாள். ஒரு "ம்" கூடப் போடவில்லை.

"எப்ப பாத்தீங்க அந்தத் தாள?"

"டிசம்பர்ல."

"இப்ப மார்ச்."

"படிச்சுத் தெரிஞ்சுக்கலாம்னு... தப்பா ஏதாவது சொல்லிடக் கூடாதுல்ல?"

"அறிக்கை எழுதறப்ப எவ்ளோ நேரம் ஆச்சு?"

அரை மணி நேரம் ஆயிற்று.

"இன்னும் எத்தனை எழுத்து பாக்கி?"

"ஒண்ணு."

"அந்த ஒரு எழுத்து உங்களுக்குப் புரியற வரைக்கும் என் தங்கச்சி கவனமில்லாதவ. அப்படித்தானே?"

மாவைப் பிசையப் போய்விட்டாள். படிக்கிறேன் படிக்கிறேன் என்று இத்தனை நாளாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஊர் உலகத்தில் ஒருத்தன் நல்ல காரியத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதை நான் கேள்விப்பட்டதில்லை. இப்போது பார்த்துவிட்டேன், கண்ணாடியில்.

மார்ச் 22, சனி

இன்று 'கதவு' நடத்தினார். 'மன்' என்று உச்சரிப்பு. பார்த்தாலே கதவு நிலை மாதிரி: 门. மூன்றே கோடு. லாவ்ஷி கரும்பலகையில் மெதுவாகப் போட்டார். முதலில் இடது மேல் மூலையில் ஒரு புள்ளி. அப்புறம் இடது பக்கத் தூண். அப்புறம் மேலே போய் வலப்பக்கம் இறங்கும் கோடு.

எல்லாரும் தூணிலிருந்து ஆரம்பித்தார்கள். "புள்ளி முதல்ல! புள்ளி முதல்ல!" என்று பெஞ்சு பெஞ்சாகத் தட்டிக்கொண்டு வந்தார்.

'இயந்திரம்' எழுத்தைப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்: 机. அது குறுக்குக் கோட்டில் ஆரம்பிக்கிறது. மூலையில் புள்ளி கிடையாது. அதற்கும் ஒரு சின்னப் புள்ளி உண்டு, ஆனால் அது நடுவில்.

கறை எழுத்தின் நடுவில்தான் அடர்த்தி. ஓரத்தில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? போனில் எடுத்த படத்தில் மங்கலாக இருக்கிறது. ஞாயிறு ஆலை விடுமுறை. திங்கள் வரை பொறுக்க வேண்டும்.

மார்ச் 24, திங்கள்

சாப்பாட்டு இடைவேளை. உருளை நின்றிருந்தது. மின்பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன்.

அவர் எழுதிய ஒன்பது எழுத்தில் இரண்டாவதே 'இயந்திரம்'தான். இத்தனை நாளாக அது பக்கத்திலேயே இருந்தும் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த மனிதர் அதை எப்படி ஆரம்பிக்கிறார் என்று பார்த்தேன். நீளமாக ஒரு குறுக்குக் கோடு, இடப்பக்கம் நன்றாக நீட்டிக்கொண்டு. கடைசி எழுத்தின் இடப்பக்கம் அப்படி எந்தக் கோடும் வெளியே வரவில்லை. கறைக்கு வெளியே, இடது மேல் மூலையில், பேனாவை அழுத்தி வைத்து எடுத்த ஒரு புள்ளி. அதற்குக் கீழே தாளை விரலால் தடவினால் நெடுக்காக ஒரு தடம்.

கதவு.

பெட்டியை மூடினேன். துணி பிரிக்கும் மேசையில் யாரோ ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். மூன்றாம் நம்பர் வாஷர் தண்ணீர் வடிக்கும் சத்தம். தெரிந்துகொண்ட திருப்தி ஒரு நொடி வந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். படித்தது வீண்போகவில்லை என்று ஒரு நொடி. அடுத்த நொடி, அறிக்கையில் நான் எழுதிய காரணம் ஞாபகம் வந்தது.

மார்ச் 29, சனி

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு லாவ்ஷியிடம் படத்தைக் காட்டினேன். நான் கண்டுபிடித்ததைச் சொல்லவில்லை. "கடைசி எழுத்து என்னன்னு சொல்ல முடியுமா?"

பெரிதாக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன். ஆனா இந்த வரியில, இந்த இடத்துல புள்ளி வெச்சு ஆரம்பிச்சா அது மன்தான். கதவு." பிறகு நிமிர்ந்து, "என்ன சார் இது? எங்க இருக்கு?" என்றார்.

சொன்னேன். கேட்டுவிட்டு மேசையில் இருந்த சுண்ணாம்புக் கட்டியைப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

"முதல் நாளே எங்கிட்ட காட்டியிருந்தா அப்பவே படிச்சுச் சொல்லியிருப்பேனே."

"தெரியும்மா. அதான் காட்டல."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 30, ஞாயிறு

தனியாகப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். "போங்க" என்றாள். வாசல் வரை வந்தாள்.

சகலையும் இருந்தார். இருக்கட்டும் என்று அவர் முன்னாலேயே சொன்னேன். நோட்டில் ஒன்பது எழுத்தையும் எழுதி எடுத்துப் போயிருந்தேன். ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொன்னேன். நிறுத்து. இயந்திரம். பிறகு. பத்து. 'நிமிடம்' என்பதற்கு இரண்டு எழுத்து. அப்புறம்தான். திற. கதவு. நான் உனக்கு விளக்கு அணைந்ததும் திறக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தேன். தப்பு என்னுடையது. அதை உன் மேல் எழுதினேன்.

அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டது நான் எதிர்பார்த்தது இல்லை.

"அப்ப லைட் அணைஞ்சிருந்துச்சா?"

"நீதானே அன்னைக்கே சொன்னே."

"சொன்னேன். ஆனா நீங்க எழுதினதுக்கப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு மாமா. நீங்க சும்மா எழுத மாட்டீங்கன்னு... கண்ண மூடினா லைட் எரியற மாதிரியே தெரியும். சில நாள் அணைஞ்ச மாதிரி தெரியும். அஞ்சு மாசமா. நான் பாத்தேனா பாக்கலையான்னு."

"நீ பாத்தே."

"பாத்தேன்ல?"

"பாத்தே."

அப்போதுதான் அழுதாள். ஆம்புலன்ஸில் அழாதவள். சகலை எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் நோட்டை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். அந்த வலது கையைத்தான்.

"இங்க வந்து சொல்லிட்டுப் போனா எப்படி மாமா? அங்க எழுதினீங்கல்ல. அங்க எழுதுங்க."

மார்ச் 31, திங்கள்

இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். தாளின் படம், ஒவ்வொரு எழுத்துக்கும் பொருள், லாவ்ஷி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மொழிபெயர்ப்பு. காரணம் என்ற இடத்தில்: தவறான பயிற்சி. பயிற்சி அளித்தவர்: நான்.

மேனேஜர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏங்க, முடிஞ்சு போன விஷயம். எதுக்குத் தோண்டறீங்க?"

"எனக்குத்தான் சார் முடிஞ்சுது. அந்தப் பொண்ணுக்கு முடியல."

"இத மேல அனுப்பினா உங்க போஸ்ட்டு நிக்காது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"சீனம் படிச்சுக் கெட்டுப் போனவர் நீங்க ஒருத்தர்தான்" என்றார். ஆனால் வாங்கிவைத்துக்கொண்டு முத்திரை போட்டார்.

ஏப்ரல் 17, வியாழன்

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். உருளையை ஓட்டி, நிறுத்தி, கதவுக்கு அந்தப் பக்கம் வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள். விளக்கு இரண்டு நிமிடத்தில் அணைந்தது. உள்ளே தேங்கும் நீராவி முதல் தடவை மூன்றாம் நிமிடம் வெளியேறியது, அடுத்த தடவை எட்டாம் நிமிடம். நாலு வருடமாக வேறு ஒருத்தர் கையும் வேகாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம் என்று அவர்களில் மூத்தவர் சொன்னார்.

மச்சினியையும் கூப்பிட்டிருந்தார்கள். "லைட் அணைஞ்சதுக்கப்புறம்தான் திறந்தேன்" என்றாள். குரல் ஆடவில்லை.

மே 10, சனி

பழைய அறிக்கை ரத்து. புதியது பதிவாகிவிட்டது. நான் இனி மேற்பார்வையாளர் இல்லை. பிரிக்கும் மேசை: வரும் துணியை நிறம் பார்த்து, கறை பார்த்துப் பிரிப்பது. பதினெட்டு வருடம் முன்னால் நான் சேர்ந்த முதல் நாள் நின்ற அதே வேலை. முழங்கால் வலிக்கிறது.

அதற்குப் பிறகும் வகுப்புக்குப் போனேன். ஏன் என்று தெரியவில்லை. பல் டாக்டர் அம்மா, "ஏதோ வேலைக்கு உதவும்னு சொன்னீங்களே, உதவுச்சா?" என்று கேட்டார்.

"உதவுச்சும்மா. வேலை போச்சு" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ரொம்ப நாளாயிற்று.

மே 24, சனி

லாவ்ஷி இன்று ஒரு பத்தி கொடுத்து மொழிபெயர்க்கச் சொன்னார். பதினோரு பேரில் இப்போது ஆறு பேர்தான் வருகிறோம். என்னுடையதில் ஒன்பது தப்பு. பல் டாக்டர் அம்மாவுக்குப் பதினான்கு. அவர் என்னோடு இரண்டு நாள் பேசமாட்டார் என்று நினைக்கிறேன்.

ஜூன் 2, திங்கள்

மச்சினியை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். இயந்திரப் பக்கம் இல்லை, வாசலில் பதிவு மேசை. துணி வரவு, வண்டி நேரம், ஆட்கள் வருகை. போவாளா என்று தெரியவில்லை. மனைவி கேட்டதற்கு "யோசிக்கறேன்" என்றாளாம். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன்.

"உங்களப் பத்தி என்ன சொல்றதுக்கு இருக்கு?" என்றாள் மனைவி. கோபமாக இல்லை. சாதாரணமாக.

ஜூன் 16, திங்கள்

வந்துவிட்டாள். நான் துணி மூட்டையைத் தள்ளிக்கொண்டு போகும்போது மேசையில் இருந்தாள். இருவரும் தலையாட்டிக்கொண்டோம்.

ஜூலை 9, புதன்

காலையில் பேருந்து பழுது. பாதி வழி நடந்து, மூச்சு வாங்க ஆலைக்குள் நுழைந்தபோது மணி ஏழு இரண்டு. மச்சினி வருகைப் பதிவைத் திறந்து வைத்திருந்தாள். பேனா இடது கையில். மூன்று வாரத்தில் எழுத்து நன்றாகத் திருந்தியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான்.

"ஏழு ரெண்டு" என்றாள் பதிவைப் பார்த்தபடியே.

"பஸ் நின்னுபோச்சும்மா. ரெண்டு நிமிஷம்தானே, ஏழுன்னே போட்டுக்கோயேன்."

எனக்குப் பின்னால் வரிசையில் இரண்டு பேர் நின்றார்கள். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு வருவது போல இருந்தது, வந்ததா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

"நடந்ததத்தான் மாமா எழுதணும்" என்றாள்.

ஏழு இரண்டு என்று எழுதி, பக்கத்தில் 'தாமதம்' என்று மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு, பதிவை என் பக்கம் திருப்பினாள். கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.